லோங்

சம்மாந்துறையில் அறுவடை மாதம்.
மில் வாசலில் லொறிகள்
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நிற்கின்றன.
தராசுப் பாலத்துக்குப் பக்கத்து அறையில்
விண்டோஸ் செத்து மூன்று நாள்.

ஆதம்பாவா ஹாஜியார் புதுசு வாங்க மாட்டார்.
"காசில்லாத ஒண்டு இருக்காமே,
அதைப் போடுகா" என்றார்.
லினக்ஸ் போட்டேன். அரை மணி நேரம்.
மற்றதற்குத்தான் ஒன்பது இரவு.

தராசுக் கம்பனி தந்தது ஒரு ஹெடர் பைல்.
பெயர்கள், வகைகள், அரைப்புள்ளிகள்.
உள்ளே வேலை ஒன்றும் இல்லை.
கலியாணக் கடிதம் மாதிரி,
யாருக்கு யார், எத்தனை மணிக்கு, எந்த மண்டபம்.
சோறு வேறெங்கோ வேகிறது.

எங்கட பில் போடும் புரோகிராமோ பஸ்கல்.
சீ மொழியில் சொன்னால் காதில் ஏறாது.
நடுவில் நின்று மாற்றிச் சொல்ல ஒரு கருவி,
யாரோ ஒருவன் இருபத்தைந்து வருசத்துக்கு முன்
விண்டோஸுக்கு மட்டும் என்று எழுதியது.
அதைக் கிளப்பி இங்கே நட வேண்டும்.

முதல் இரவு சாய்கோடுகள்.
அங்கே இடப்பக்கம் சரிந்தவை எல்லாம்
இங்கே வலப்பக்கம் சரிய வேண்டும்.
இரண்டாம் இரவு பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்.
அங்கே இரண்டும் ஒரே ஆள்,
இங்கே ஒருவரை ஒருவர் தெரியாது.
மூன்றாம் இரவு சீ டிரைவைத் தேடி
கருவி வீடு வீடாய்த் தட்டியது.
அப்படி ஒரு வீடே இந்த ஊரில் இல்லை.
மறுகா, ஒவ்வொரு வரியின் முடிவிலும்
கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து,
சாரத்து ஓரத்தில் நாயுருவி போல.
பிடுங்கப் பிடுங்க விடிந்தது.

நடுவில் அவன் விட்டுப்போன குறிப்பு ஒன்று,
போலந்தோ ஹங்கேரியோ,
அகராதி வைத்துப் பார்த்தேன்:
இது ஏன் ஓடுகிறதென்று எனக்கும் தெரியாது. தொடாதே.
தொட்டேன். உடைந்தது.
இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

பத்தாம் நாள் காலை முதல் லொறி.
தவராசா பொத்தானை அமத்தினார்.
மொத்தம் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது. சரி.
வெறும் வண்டி: பூச்சியம்.
லொறியையும் நெல்லென்று எண்ணி
டயருக்கும் எஞ்சினுக்கும் விலை போட்டது பில்.
வயற்காரர் இளையதம்பிக்கு ஒரே சந்தோசம்.
ஹாஜியாருக்கு வேர்த்தது.

லோங் என்று ஒரு சொல்.
அங்கே அதற்கு நாலு பைட்.
இங்கே எட்டு.
கருவி பழைய நாலையே நெஞ்சில் வைத்திருந்தது.
எட்டை நாலு நாலாய் வெட்டிப் படித்தால்
முன்பாதியில் எடை இருக்கும்,
பின்பாதியில் காற்று.

இதை ஹாஜியாருக்கு எப்படிச் சொல்வது?
"குடுக்கக்குள்ள ஒரு மரைக்கால்,
வாங்கக்குள்ள இன்னொரு மரைக்கால்.
பேர் ஒண்டுதான் ஹாஜியார்" என்றேன்.
தவராசா குனிந்து
அடுக்கின ரசீதையே திரும்ப அடுக்கினார்.
"அது வாப்பாட காலத்துக் கதை" என்றார் ஹாஜியார்.
நான் கேட்கவே இல்லை.

ஒரு வரி திருத்தினேன்.
லுஹருக்கு முன்னம் திரும்பவும்.
இந்த லொறி வெறுமனே
புத்தகத்தில் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது.
திரையில் இரண்டாயிரத்துத் தொளாயிரத்து ஏழு.

நாற்பத்தேழு கிலோ.
இடைவெளி அடைக்க வைக்கிற பைட்டா?
தசமம் எங்காவது நழுவிற்றா?
எல்லாவற்றையும் திரையில் கொட்டி
விரல் வைத்து எண்ணினேன்.
பகல் சாப்பாடு ஆறிப்போனது.
லொறி வரிசை அம்பாறை வீதிக்கு ஏறிவிட்டது,
ஹோர்ன் சத்தம்.
தொடாதே என்றவன் மேல் கோபம் கோபமாய் வந்தது.

தவராசா சில்லில் கால் வைத்து ஏறி
படங்கைத் தூக்கினார்.

லொறிப் பெட்டியின் மூலையில்
கிளீனர் றினோஸ்,
வாய் திறந்தபடி
நல்ல நித்திரை.

அவனை எழுப்பி இறக்கும் வரைக்கும்
திரையில் அந்த ஏழு
அசையாமல் நின்றது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.